புனிதருக்குப் பின்னால் ஒளிந்திருந்த எண்

அனவ்ரா, கியோஸ் தீவு
1 டிசம்பர் 2008

அன்புள்ள அப்பாவுக்கு,

சகல கடலோடிகளுக்கும், கப்பல் எஞ்சின்களுக்கும், குறிப்பாக 'கல்லியோப்பி' கப்பலின் இரண்டாம் எஞ்சினியர் பந்தெலிஸ் அவர்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது: சென்ற வியாழக்கிழமை காலை ஏழு இருபதுக்கு, அனவ்ரா தேவாலய வாசலில், நம் வீட்டுப் புதிய கார் பாதிரியார் இஸிதோரோஸின் முட்டைக் கூடையை முத்தமிட்டது. பதினொரு முட்டைகள் உயிர் துறந்தன. பன்னிரண்டாவது தப்பித்து உருண்டோடி ஒரு பூனையிடம் சரணடைந்தது. பாதிரியார் நலம். ஆனால் அவர் அப்போது சொன்ன வார்த்தைகள் எதுவும் ஜெபப் புத்தகத்தில் இல்லை.

இங்கு நான், அம்மா, கார் மூவரும் நலம். அங்கு நீங்களும் இருபது லட்சம் பீப்பாய் எண்ணெயும் நலமா?

தவறு யாருடையது என்று ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. நம் பழைய டீசல் டாக்ஸி மூன்றாவது வளைவில் வரும்போதே மேலே காபிக்கடையில் கோப்பைகள் ஆடும். இதுவோ மெதுவாகப் போகும்போது பேட்டரியில் போகிறது. பெட்ரோல் எஞ்சின் தூங்கிவிடுகிறது. பூனைக்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், பூனை மீட்டர் போடாது.

"ஏம்மா அர்கிரோ, டாக்ஸி ஓட்டறியா, இல்ல வேவு பாக்கறியா?" என்று பாதிரியார் அம்மாவைக் கேட்டார்.

"நான் என்ன பண்றது சாமி. நீங்க ஜெபம் பண்ணிட்டே போறீங்கன்னு நெனச்சு ஹாரன் அடிக்கல. நீங்க முட்டை எண்ணிட்டிருந்தீங்க."

இந்த நேரத்தில் ஆட்டுக்கார மிக்கேஸ் மாமா வந்து சேர்ந்தார். அவருடைய இரண்டு ஆடுகள் ஏற்கெனவே நம் காரால் மனநிம்மதி இழந்தவை. "இந்த மலையில சத்தமில்லாம திரியற எல்லாத்துக்கும் கழுத்துல மணி கட்டியிருக்கேன். இதுக்கு மட்டும் என்ன ராஜ மரியாதை?" என்று கேட்டுவிட்டு, யாரும் தடுப்பதற்குள் ஒரு கிடா ஆட்டின் மணியை முன் பம்பருக்கு அடியில் கம்பி போட்டுக் கட்டிவிட்டார். கழற்றுவேன் என்று அம்மா மூன்று நாள் சொன்னாள். இன்னும் கழற்றவில்லை. மணிச் சத்தம் கேட்டு இப்போது நிஜ ஆடுகள் எங்கள் பின்னால் வருகின்றன.

இன்னொரு செய்தி. நான் எரிபொருள் அதிகாரியாகப் பதவி ஏற்றிருக்கிறேன். என்னை நியமித்தது நான்தான். காரில் ஒரு திரை இருக்கிறது; எஞ்சினிலிருந்து பேட்டரிக்கும் பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கும் அம்புக்குறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா அதன் மேல் புனித நிக்கோலாஸ் படத்தை ஒட்டிவிட்டாள். அவர் பாவம், கடலில் போகிறவர்களைக் காக்க வேண்டியவர். இப்போது ஓவர்டைமில் எங்கள் மைலேஜையும் காக்கிறார். அவரை மெல்லத் தூக்கி அடியில் இருக்கும் எண்ணைப் படிப்பதுதான் என் வேலை.

எண் என்ன என்று கேளுங்கள். நூறு கிலோமீட்டருக்கு 3.1 லிட்டர்.

ஆகஸ்டில் கிளம்பும்போது வாசலில் நின்று நீங்கள் சொன்னதை நான் எழுதி வைத்திருக்கிறேன். "இந்தத் தையல் மெஷின் நம்ம மலையில நூறு கிலோமீட்டருக்கு நாலு லிட்டருக்குக் கீழ குடிச்சுதுன்னா, என் கப்பல் எண்ணெய் யாருக்கும் வேணாம்னு அர்த்தம். அப்புறம் நான் கடலை விட்டுட்டு வந்து டிரைவர் பக்கத்து சீட்ல உக்காந்துக்கறேன்." சாட்சிகள்: நான், அம்மா, எதிர்வீட்டு நாய்.

கப்பல் நிறைய எண்ணெயை வாங்க ஆளில்லாமல் உங்களை நடுக்கடலில் நிறுத்தி வைத்திருப்பதாக அம்மா சொன்னாள். மன்னிக்கவும். நாங்கள்தான் காரணம்.

உங்கள் ஒரே மகன், எரிபொருள் அதிகாரி
ஸ்டமாட்டிஸ்


'கல்லியோப்பி', வட கடலில் நங்கூரமிட்டு
14 டிசம்பர் 2008

எரிபொருள் அதிகாரி அவர்களே,

உன் கடிதம் நேற்று ஏஜென்டின் படகில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் சத்தமாகப் படித்தேன். முட்டை விஷயத்தில் சமையல்காரர் பாதிரியார் பக்கம், கேப்டன் பூனை பக்கம்.

போனில் நீ பேசுவது மூன்றே வார்த்தை: "ம்", "தெரியல", "அம்மாகிட்டக் குடுக்கறேன்". அதே வாயா இவ்வளவு எழுதியது? இனி நீ எழுது, அம்மா பேசட்டும்.

எங்களுக்கு இங்கே வேலை இல்லை, அதுதான் வேலை. எண்ணெய் விலை எண்ண எண்ண இறங்குகிறது. இன்றைக்கு விற்பதைவிட நிறுத்தி வைத்து பிறகு விற்றால் லாபம் என்று யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார். பக்கத்தில் எங்களைப் போல இன்னும் நான்கு கப்பல்கள் நிற்கின்றன. காற்று மாறும்போது எல்லாம் சேர்ந்து நங்கூரத்தைச் சுற்றி வருகின்றன. காலையில் கரை இடப்பக்கம் இருக்கும், மாலையில் வலப்பக்கம். முன்தளத்துக்குப் பச்சை பெயின்ட் அடித்து முடித்தோம். இப்போது மறுபடியும் அதையே பச்சையாக அடிக்கிறோம். ஓடுகிற எஞ்சின் பக்கத்தில் நான் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தூங்குவேன். நிற்கிற எஞ்சின் பக்கத்தில் தூக்கம் வரவில்லை.

இந்தக் கப்பல் ஓடினால் ஒரு நாளைக்குத் தொண்ணூறு டன் எரிபொருள் குடிக்கும். அதை இருபது வருடமாக அளந்து எழுதுகிறவன் நான். என்னிடம் 3.1 என்கிறாய். கார் கம்பெனிக்காரனே விளம்பரத்தில் அவ்வளவு தைரியமாகச் சொல்லவில்லையே, தம்பி. அதுவும் நம் மலையில்.

சொன்ன சொல்லை மறக்கவில்லை. நாலுக்குக் கீழே என்றால் நாலுக்குக் கீழேதான். மாதக் கணக்கில் தொடர்ந்து வரட்டும், பார்க்கலாம்.

பாதிரியாருக்கு ஒரு டஜன் முட்டை வாங்கிக் கொடு.

அப்பா


அனவ்ரா
13 ஜனவரி 2009

அன்பும் சந்தேகமும் நிறைந்த அப்பாவுக்கு,

2.9. கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தைய வாரம்: 2.8. நேற்று: 2.7.

இனியும் சந்தேகப்பட்டால் அது புனித நிக்கோலாஸை சந்தேகப்படுவது போல. எண் அவருக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது.

முட்டை கொடுத்துவிட்டேன். பாதிரியார் எண்ணிப் பார்த்துவிட்டு "பதிமூணு இருக்கே" என்றார். "ஒண்ணு வட்டி" என்றேன். அந்த ஒன்று மரத்தால் செய்தது என்று அவர் ஆம்லெட் போடும்போதுதான் தெரிந்திருக்கும். சட்டி பிழைத்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் இளைஞர்களைப் பற்றி இருந்தது.

கார் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் ஒரு தடவை இதில் வந்து பார்க்க வேண்டும். எஞ்சின் சத்தம் துளியும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று, பம்பருக்கு அடியில் மிக்கேஸ் மாமாவின் மணி, அவ்வளவுதான். வளைவுக்கு வளைவு டிங் டிங் என்று மலை முழுவதும் கேட்கும். பேட்டரி நிரம்பி வழிகிறது. நேற்று ஜெர்மானியர் ஒருவர் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்பி ஐந்நூறு மீட்டர் வந்த பிறகு அம்மாவிடம் "ஸ்டார்ட் பண்ணுங்க, பிளேனுக்கு நேரமாச்சு" என்றார். அப்புறம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, விமான நிலையம் வரும்வரை கைப்பிடியை விடவே இல்லை.

பள்ளிக்கூடத்தில் பௌதிக வாத்தியார் வகுப்பு முன்னால் என்னை நிற்க வைத்து எண்களைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். "இப்படி எல்லாரும் ஓட்டினா எண்ணெய்க் கிணறெல்லாம் ஈ ஓட்டும்" என்றார். வகுப்பே கை தட்டியது. உங்கள் வேலைக்கு ஆபத்து என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நீங்கள் கொடுத்த வாக்கு, என் சாதனை. இரண்டும் ஒரே பக்கம் சாய்கின்றன.

கப்பலில் பச்சை பெயின்ட் தீர்ந்துவிட்டதா?

ஈஸ்டர் ஏப்ரல் பத்தொன்பது. சும்மா தேதி சொன்னேன்.

ஸ்டமாட்டிஸ் (2.7)


'கல்லியோப்பி', அதே இடம்
29 ஜனவரி 2009

டேய் ஸ்டமாட்டி,

மரமுட்டைக்காக உன்னை இரண்டு நாள் திட்டினேன். மூன்றாம் நாள் சமையல்காரர் அதே மாதிரி ஒன்று செய்து தரச் சொல்லிக் கேட்டார். கப்பல் தச்சன் செதுக்கிக்கொண்டிருக்கிறான். கேப்டனுக்குத் தெரியாது.

பச்சை தீர்ந்துவிட்டது. இப்போது சிவப்பு.

ஒரு விஷயம் சொல்கிறேன். அம்மாவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். கொரியாவில் கம்பெனிக்கு ஒரு புதிய கப்பல் கட்டுகிறார்கள். மே மாதம் தண்ணீரில் இறங்கும். அதில் என்னை முதல் எஞ்சினியராகக் கூப்பிடுகிறார்கள். இருபது வருடமாக இந்த வார்த்தைக்காகத்தான் இரண்டாம் எஞ்சினியராக இருந்தேன். போனால் கப்பல் கட்டி முடியும்வரை அங்கே, பிறகு முதல் பயணம், எப்படியும் ஒரு வருடம் ஆகும். இந்தப் பக்கம், நம் தீவின் மின் நிலையத்தில் ஒரு எஞ்சினியர் இடம் காலியாக இருக்கிறது. சம்பளம் பாதிகூட இல்லை. அம்மாவின் டாக்ஸியும் சேர்ந்து இழுத்தால் குடும்பம் ஓடும். ஓடுமா என்பதுதான் கேள்வி. பழைய டீசல் மாதிரி சம்பாதிப்பதை எல்லாம் அதுவே குடித்துவிட்டால் ஓடாது. மார்ச் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் "நீ என்ன சொல்றே?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று மூன்று வாரமாக யோசிக்கிறேன். கடலை விட வைத்தவள் என்ற பெயர் தனக்கு வேண்டாம் என்று நினைக்கிறாளோ என்னவோ. நீ அவள் பக்கத்தில் இருக்கிறாய், உனக்காவது தெரியுமா?

இன்னொன்று. பேச்சோடு பேச்சாக, வாரம் இரண்டு தடவை ஸிதெரிஸின் பெட்ரோல் பங்குக்குப் போவதாகச் சொன்னாள். 2.7 குடிக்கிற வண்டிக்கு அங்கே என்ன அடிக்கடி வேலை? ஒன்று கார் குடிகாரனாக இருக்க வேண்டும், இல்லை ஸிதெரிஸ் அழகாகிவிட்டிருக்க வேண்டும். எனக்கு ஸிதெரிஸை முப்பது வருடமாகத் தெரியும்.

விளக்கம் தேவை.

அப்பா


அனவ்ரா
15 பிப்ரவரி 2009

மாண்புமிகு அப்பாவுக்கு,

விளக்கம்: ஸிதெரிஸின் மனைவி எலுமிச்சை கேக் செய்கிறார். உலகத்தரம். அம்மா கேக்குக்காகத்தான் வண்டியை நிறுத்துகிறாள். பக்கத்தில் பங்கு இருப்பது தற்செயல். நானும் சாப்பிட்டிருக்கிறேன், பல தடவை.

இப்போது உட்கார்ந்து படியுங்கள். 2.4.

எங்கள் எண்ணிக்கை தொடர்ந்து இறங்குமுகத்தில் இருக்கிறது. எப்படி என்று கேட்டால் அதிகாரி ரகசியத்தை வெளியிட மாட்டார். எனக்கு இதில் ஒரு திறமை இருக்கிறது, அவ்வளவுதான். பிரேக்கை எப்போது மிதிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பக்கத்தில் இருந்து அம்மாவுக்குச் சொல்கிறேன். "வாய மூடிட்டு வா, இல்லன்னா எறங்கி நட" என்பாள். ஆனால் கேட்கிறாள்.

பக்கத்தில் என்று எழுதிவிட்டேன். உண்மையில் பின்சீட்டிலிருந்துதான் சொல்கிறேன். முன்சீட்டில் உங்கள் கருவிப்பெட்டி இருக்கிறது. ஆமாம், அந்தச் சிவப்புப் பெட்டி. பட்டறையிலிருந்து செப்டம்பரிலேயே எடுத்து வைத்தாள். "வழியில ரிப்பேர் ஆனா வேணும்" என்றாள். இந்தக் காரின் மூடியைத் திறந்தால் ஒரு திருகுகூடக் கண்ணில் படாது, உங்கள் ஸ்பானருக்கு இதில் உத்தியோகமே கிடையாது. ஆனால் பெட்டி நல்ல கனம். சீட்டில் ஆள் உட்கார்ந்திருப்பதாகக் கார் நினைத்துக்கொண்டு, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கத்துகிறது. அதனால் அம்மா தினமும் காலையில் பெட்டிக்கு பெல்ட் மாட்டிவிட்டுக் கிளம்புகிறாள். முன்னால் உட்காரலாமா என்று கேட்கிற சவாரிகளிடம் "ஆள் இருக்கு" என்கிறாள். அவர்கள் பெட்டியைப் பார்க்கிறார்கள், அவளைப் பார்க்கிறார்கள், பின்னால் ஏறிக்கொள்கிறார்கள்.

"உங்க இஷ்டம்" பற்றிக் கேட்டீர்கள். எனக்கு அகராதி தெரியாது. பெட்டி தெரியும், சொல்லிவிட்டேன்.

எனக்கு ஒன்றும் அவசரமில்லை. நீங்கள் கொரியா போனாலும் நான் பாட்டுக்கு இருப்பேன். இந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு ஏதாவது குறைவதாகத் தோன்றியதில்லை. ஆனால் வாக்கு வாக்குதான். நாலுக்குக் கீழே என்றீர்கள், இரண்டரைக்கும் கீழே கொடுத்திருக்கிறேன். முதல் எஞ்சினியரானாலும் கொடுத்த வாக்கைத் தாண்டிக் கப்பல் ஓட்ட முடியாது.

மின் நிலையத்து இடத்துக்கு வேறு யாரோ கேட்டிருக்கிறார்களாம். சும்மா காதில் விழுந்தது.

ஸ்டமாட்டிஸ் (2.4, மீண்டும் 2.4)


'கல்லியோப்பி'
9 மார்ச் 2009

மகனே,

பெட்டியைப் பற்றி நீ எழுதியதைச் சத்தமாகப் படிக்கவில்லை.

இரண்டு கவர் எழுதி மேஜையில் வைத்திருக்கிறேன். ஒன்றில் கொரியாவுக்குச் சம்மதம், இன்னொன்றில் நன்றி, வேண்டாம். ஏஜென்டின் படகு மார்ச் 25 வரும். அதில் ஒன்று போகும். இங்கே எங்களைச் சுற்றி இப்போது ஏழு கப்பல்கள் ஆகிவிட்டன. எல்லாம் நிறை வயிற்றோடு நிற்கின்றன. நானும் தளத்தில் முன்னும் பின்னும் நடக்கிறேன். ஒரு நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர். எரிபொருள்: காபி.

உன் கடிதங்களை வரிசையாக வைத்து மறுபடி படித்தேன். நன்றாக எழுதுகிறாய். ஆனால் ஒன்று பார். எல்லாக் கடிதத்திலும் மணிச் சத்தம், காற்று, நிரம்பி வழிகிற பேட்டரி. நான் கடைசியாகப் பார்த்தபோது நம் ஊர் ரோட்டில் ஏற்றம் என்றும் ஒன்று இருந்தது. பதினான்கு கிலோமீட்டர். அதை எடுத்துவிட்டார்களா? உன் வயதில் நானும் அந்த ரோட்டில் ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்துவிட்டு ஊரிலிருந்து துறைமுகம்வரை இறங்கியவன்தான். ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்லாமல் வந்தேன் என்று ஊரெல்லாம் சொன்னவன்.

ஒரே கேள்வி. ஒரு வரி பதில் போதும். எண்ணைச் சைபராக்குகிற பட்டனை எந்த இடத்தில் அழுத்துகிறாய், எந்த இடத்தில் படிக்கிறாய்?

அப்பா


கியோஸ் துறைமுகம், ஏஜென்ட் ஆபீஸ்
24 மார்ச் 2009, காலை

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஒரு வரி போதும் என்றீர்கள். நான்கு நாளாக அந்த ஒரு வரியை எழுதிக்கொண்டிருக்கிறேன். நாளைக்குத் தேசிய விடுமுறை, ஆபீஸ் மூடிவிடுவார்கள். தபாலில் போட்டால் உங்கள் படகைப் பிடிக்காது. அதனால் முதல் மணி வகுப்பைக் கட் அடித்துவிட்டு இங்கே வந்து, இதைக் கப்பலுக்கு ஃபாக்ஸ் அனுப்பச் சொல்லப் போகிறேன். கவுன்டரில் இருக்கும் அக்கா எப்படியும் படிப்பார். படிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

முதல் விஷயம். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அக்கா "நீ பந்தெலிஸ் பையன்தானே? உங்கப்பா இங்க வர டிக்கெட் போட்டாச்சு, ஏப்ரல் பதினாலு. வர மட்டும்தான், திரும்பிப் போக இல்ல. நேத்து கப்பல்லேர்ந்து செய்தி வந்துது" என்றார். நான் கையில் இந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றேன். பேசாமல் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கலாம். வாசல்வரை போனேன்கூட. நீங்கள் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அப்படியென்றால் 2.4-ஐ நம்பிவிட்டீர்கள். அதனால்தான் வாசலிலிருந்து திரும்பி வந்தேன். டிக்கெட்டை ரத்து செய்ய இன்று மாலை ஐந்து மணிவரை நேரம் இருக்கிறதாம். கேட்டுவிட்டேன்.

அந்த ஒரு வரி: பட்டனை ஊரில் தேவாலய வாசலில் அழுத்துகிறேன், எண்ணைக் கீழே பள்ளிக்கூட வாசலில் படிக்கிறேன்.

அவ்வளவுதான். பதினான்கு கிலோமீட்டர் முழுக்க இறக்கம். இறங்கும்போது மணிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். சாயங்காலம் ஏறும்போது மணியே கேட்காது, எஞ்சின் அப்படிக் கத்தும்.

முதல் நாள் 3.1 வந்தபோது நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு நான் நேர்மையான முட்டாள். காலையில் பார்த்தேன், கடிதத்தில் எழுதினேன், தபாலிலும் போட்டேன். அன்று சாயங்காலம் அம்மாவோடு வீட்டுக்கு ஏறும்போது சும்மா பட்டனை அழுத்திவிட்டு, மேலே போய்ப் புனிதரைத் தூக்கிப் பார்த்தேன். 8.7. மெதுவாக அவரைத் திரும்ப ஒட்டிவிட்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏற்றத்தில் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. இறங்குமுகம் என்று எழுதினேனே, என் கடிதங்களிலேயே முழு உண்மையான வார்த்தை அது ஒன்றுதான். 2.4 வந்த அன்று பின்காற்று வேறு அடித்தது.

பிரேக் ரகசியம் என்று ஒன்றும் கிடையாது. அம்மா என் பேச்சைக் கேட்பதும் இல்லை. பௌதிக வாத்தியாரிடம் நேற்று உண்மையைச் சொன்னேன். "எனக்கு ஜனவரியிலயே தெரியும், நீ எப்ப சொல்றேன்னு பாத்துட்டிருந்தேன்" என்றார். மற்றவர்கள் எல்லாம் இப்படித்தான் எனக்குத் தெரியாமல் காத்திருக்கிறார்களா என்று இப்போது எல்லாரையும் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது. ஸிதெரிஸின் மனைவிக்குக் கேக் செய்யவே தெரியாது. ஒரு தடவை செய்தாராம், ஸிதெரிஸ் இன்னும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மா பெட்ரோலுக்குத்தான் போகிறாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து பட்டனைத் தொடவில்லை. ஏற்றம், இறக்கம், விமான நிலைய சவாரி, ஆடுகளுக்காக நின்றது எல்லாம் சேர்த்து நேற்று மாலை பார்த்தேன். 5.8. பழைய டீசலுக்குப் பதினொன்று ஆனது, அதில் கிட்டத்தட்டப் பாதிதான். ஆனால் நீங்கள் சொன்னது நாலு. அதனால் வாக்கு செல்லாது. நீங்கள் தாராளமாகக் கொரியா போகலாம். முதல் எஞ்சினியர் என்றால் முதல் எஞ்சினியர்தான். எனக்குப் புரிகிறது.

உங்கள் எண்ணெய்க் கப்பல் நிற்பதற்கும் நாங்கள் காரணமில்லை. அதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன கடிதத்தில் எனக்கு ஒன்றும் குறையவில்லை என்று எழுதியிருந்தேன். அதையும் நான் இறக்கத்தில்தான் அளந்தேன்.

நேற்று ஒரு சோதனை செய்தேன். கருவிப்பெட்டியை எடுத்து வீட்டில் வைத்துவிட்டால் எடை குறையும், எண் இறங்குமே என்று. எடுத்துவிட்டேன். அம்மா வந்து சீட்டில் உட்கார்ந்து, பழக்கத்தில் பெல்ட்டை இழுத்து, மாட்ட ஒன்றுமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். "எங்கடா?" என்றாள். ஓடிப்போய் எடுத்து வந்து வைத்துவிட்டேன். 5.8 அப்படியே இருக்கட்டும்.

நீங்கள் வந்தால், வந்தால்தான், அந்தச் சீட்டில் பெட்டிக்குப் பதில் நீங்கள் உட்காருவீர்கள். உங்கள் எடை தொண்ணூற்று எட்டு கிலோ, கப்பல் சமையல்காரரின் தயவில் இப்போது நூறு தாண்டியிருக்கும். பெட்டியைவிட ரொம்ப அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். ஏற்றத்தில் எஞ்சின் இன்னும் கத்தும். ஆறு லிட்டரைத் தாண்டிவிடும்.

அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்கள் மகன்
ஸ்டமாட்டிஸ் (5.8)

அக்கா படித்துவிட்டார். ஐந்து மணிவரை ஃபாக்ஸ் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கச் சொல்லி நாற்காலி போட்டிருக்கிறார். இங்கேதான் இருக்கிறேன்.